கூப்ட்டியா

"சரி, வர்றேன்"னு சொல்லிட்டு அண்ணன் கார்மேகம் போனை வச்சப்ப நீலமேகத்துக்கு ஒண்ணும் தோணல. ஊரே போனை வைக்கிறப்ப சொல்றதுதானே. போனை வெளிய பிளாஸ்டிக் தட்டுல போட்டான், டெஸ்ட் ரூமுக்குள்ள வந்தான், எலியை வாலப் புடிச்சுத் தூக்கிக் குழாய்க்குள்ள விட்டான், குழாயைப் பொட்டிக்குள்ள வச்சுச் சாத்தினான், கம்ப்யூட்டர்ல பட்டனைத் தட்டினான், ஸ்டூல்ல உக்காந்தான். உக்காந்ததுக்குப் பெறகுதான் அந்த வார்த்தை திரும்பி வந்து காதுக்குள்ள எறும்பா ஊற ஆரம்பிச்சுது. வர்றேன். வர்றேன்னா என்ன? நம்ம ஊர்ல எவன் போறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்? வீட்டக் காலி பண்ணிட்டு துபாய்க்குக் கெளம்புறவனும் வர்றேங்கிறான், இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு கத்திட்டுப் போறவனும் வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டே வர்றேங்கிறான், எழவு விழுந்த துட்டி வீட்டுல மட்டும்தான் வாயத் தொறக்காம நழுவணும். ஆக வர்றேன்னா போறேன், போனை வைக்கிறேன், அம்புட்டுத்தான். ஆனா கார்மேகம் போன்ல வர்றேன்னு சொல்ற ஆளா? அவன் பேசி முடிச்சா முடிச்சதுதான், நடு வார்த்தையிலயே கட் பண்ணிருவான், வாலும் இருக்காது தலையும் இருக்காது. இன்னைக்கு மட்டும் என்ன புதுசா மரியாதை? ரெண்டு வருசமா தெருமுனைக் கடைக்குக்கூடத் தனியா போகாத ஆளு, எங்குட்டு வர்றேங்கிறான்? அதுக்கு முன்னாடி அவன் கேட்டது என்ன? "நீலா, நீ இப்ப என்னையக் கூப்ட்டியா?" அதுக்கு இந்த நாக்கு, இந்த எழவெடுத்த நாக்கு, மூளைக்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, கொசு அடிக்கிற வேகத்துல என்ன சொல்லுச்சு? "ஆமாண்ணே, கூப்ட்டேன், தொண்ட கிழியக் கூப்ட்டேன், நீதான் வரவே இல்ல." சும்மா. வெளாட்டுக்கு. "சரி, வர்றேன்."

பொட்டிக்குள்ள இன்னும் வெறும் இரைச்சல்தான் ஓடுது, டிவியில சேனல் போயிட்டா வர்ற மாதிரி சுர்ருன்னு, எலி கொஞ்சம் பழகட்டும்னு முதல்ல இத விடுவாங்க. அதுக்குப் பெறகு ஆரம்பிக்கும் அடி. பட்டாசு வெடிச்ச மாதிரி ஒரு சத்தம், எலிக்குத் தூக்கிவாரிப் போடும், எம்புட்டுத் துள்ளுச்சுன்னு குழாய்க்கு அடியில இருக்குற தகடு பாத்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அப்புறம் சில தடவ, பெரிய சத்தத்துக்குக் கண்ணிமைக்கிற நேரம் முன்னாடி, ட்டிக்குன்னு சின்னதா ஒரு சத்தம் வரும். நல்லா இருக்குற எலி அந்த ட்டிக்கக் கேட்டதும் உடம்ப இறுக்கிக்கும், ஏதோ வருதுடான்னு, அதனால பெருசு வர்றப்ப அம்புட்டாத் துள்ளாது. ஜீன்ல கை வச்ச எலிக்கு அந்த ட்டிக் வந்தாலும் ஒண்ணுதான் வராட்டியும் ஒண்ணுதான், ஒவ்வொரு தடவையும் மொதத் தடவ மாதிரியே துள்ளும், ஒலகத்துல எதுவுமே அதுக்கு முன்கூட்டித் தெரியாது. மனுசங்கள்லயும் சில பேருக்கு அப்படித்தானாம். இந்த எலி ஆராய்ச்சிய நடத்துற ஜெசிந்தா மேடம் இத அவன் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு வெளக்கினப்ப, நீலமேகம் வாயத் தொறந்து கேட்டுட்டிருந்தான், வாயத் தொறந்து அவன் சும்மா இருந்தது அன்னைக்கு ஒரு நாள்தான். ரூல் மூணு. அசையாத, இருமாத, கதவத் தொறக்காத. போன வாரம் மூணாவத அவன் ஒரு தும்மலுக்காக மீறி ஒரு எலி வீணாப் போச்சு. மேடம் திட்டல, திட்டியிருந்தாத் தேவல, கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டே, "நீலமேகம், இதுகளுக்கு ஒரே ஒரு தடவதான். சாயங்காலம் மூளைய எடுத்துருவோம். டெஸ்ட்டும் சரியில்லன்னா அது சும்மா செத்த மாதிரி ஆயிரும். இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளு பாத்துக்கிறேன்"னாங்க. இப்ப உள்ள இருக்குறதுக்கு வால்ல பச்சை மார்க்கர்ல ரெண்டு கோடு. ரெண்டு கோடுன்னா நல்லதா, கை வச்சதான்னு அவனுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது, தெரிஞ்சா பாக்குறவன் கண்ணு ஒரு பக்கமா சாஞ்சுருமாம். பட்டாசு வெடிச்சுது. எலி துள்ளுச்சு, திரையில கோடு எந்திரிச்சு விழுந்துச்சு. ஸ்டூல்ல நீலமேகமும் துள்ளினான். அவனுக்கு அடியில தகடு எதுவும் இல்ல, அது வரைக்கும் நல்லது.

இல்லன்னு சொல்லியிருக்கணும். அதுவும் இல்ல, சும்மா இல்லன்னு சொன்னாலும் தப்பு. அண்ணனப் பாக்குற ஆஸ்பத்திரி டாக்டர் வீட்டாளுக எல்லாரையும் உக்கார வச்சுச் சொன்னது அவனுக்கு மனப்பாடம், டாக்டர் கொரலோடயே மனப்பாடம், அந்த மூக்கடைச்ச கொரலு, வாக்கியத்துக்கு நடுவுல ஒரு செருமல். "குரல் கேக்குதுன்னு சொன்னா, க்கும், இல்லவே இல்லன்னு சண்டைக்குப் போகாதீங்க. ஆமா ஆமான்னு தலையும் ஆட்டாதீங்க. எனக்குக் கேக்கல, ஒனக்குக் கேக்குது, கஷ்டமாத்தான் இருக்கும்னு சொல்லுங்க, க்கும், அவ்வளவுதான்." இத வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட நடிச்சுக் காட்டினப்ப அம்மா அழுதுக்கிட்டே சிரிச்சா, கார்மேகமும் பாத்தான், அவன் சிரிச்சானா இல்லையான்னு யாருக்கும் தெரியல. அதுதான் நீலமேகத்தோட பொழப்பு, கொரலு. ஸ்கூல்ல ஹெட்மாஸ்டர் மாதிரி பேசி ஹெட்மாஸ்டர்கிட்டயே மாட்டினவன், காலேஜ் ரெண்டாம் வருசம் பிரின்சிபால் கொரல்ல மைக்குல லீவு விட்டு, அந்த லீவு முடிஞ்சு எல்லாரும் திரும்பி வந்தாங்க, அவன் மட்டும் வரல. மண்டைக்குள்ள எப்பவும் ஒரு பஸ் ஸ்டாண்டே ஓடும். கண்டக்டர் பேசுவான், பூக்காரம்மா பேசும், கட்சிக்காரன் மைக்கப் புடிச்சா விடமாட்டான், ஜெசிந்தா மேடம் நாகர்கோவில் இழுவையில "ஏன் நீலமேகம்"னு ஆரம்பிப்பாங்க. எல்லாம் அவனே போட்டது. அவனே போட்டதுதானே? இங்கதான் மாட்டிக்கும், ஒவ்வொரு தடவையும் இதே எடத்துல, சைக்கிள் செயின் கழண்ட மாதிரி. கார்மேகத்துக்கு மொதல்ல ஆரம்பிச்சப்ப அவனும் அப்படித்தான் நெனச்சிருப்பானோ, நம்ம மண்டை, நம்ம சத்தம்னு? ஒரு நாள் அதுல ஒரு கொரலு, கூட்டத்தோட கூட்டமா டிக்கெட் எடுக்காம ஏறி உக்காந்திருச்சுன்னா, நாம எப்படிடா கண்டுபுடிக்கிறது? சாதாரண ஆளுக்கு உள்ள அமைதியா இருக்கும், புதுசா ஒண்ணு பேசினா பளிச்சுன்னு தெரியும். இவனுக்கு? ட்டிக்னு ஒண்ணு, பெறகு பட்டாசு. நீலமேகம் துள்ளினான். ட்டிக் கேட்டுச்சே, கேட்டும் துள்ளுறானே. எலி எப்படித் துள்ளுச்சுன்னு பாக்க மறந்துட்டான். ச்சை.

இங்க வேலைக்கு வந்ததே ஒரு வார்த்தையப் பாத்துத்தான். நோட்டீஸ்ல "சிசோஃப்ரினியா போன்ற நடத்தை"ன்னு போட்டிருந்துச்சு, அண்ணனோட மருந்துச் சீட்டுல இருக்குற அதே வார்த்தை, சரி, இங்க போனா நமக்கு ஏதோ தெரியும்னு வந்தான். கூட "மூளையில் ஜீன் எக்ஸ்பிரஷன்"னும் இருந்துச்சு. எக்ஸ்பிரஷன்னா அவனுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், மூஞ்சி. ரீல்ஸ் போடுற பயலுக சொல்வாய்ங்கல்ல, "மச்சான் எக்ஸ்பிரஷன் பத்தல, இன்னும் குடு"ன்னு. கார்மேகத்துக்கு அதுதானே போச்சு. நல்லாச் சிரிப்பான், அழுவான், கோவம் வந்தா மூக்கு நுனி செவக்கும், ஒரு வருசத்துல எல்லாம் வடிஞ்சு மூஞ்சி தொடச்சு வச்ச தட்டு மாதிரி ஆயிருச்சு. அதனால மொத நாளே, பெரிய மேதாவி மாதிரி, மேடம்கிட்ட கேட்டான்: "எலி மூஞ்சில எக்ஸ்பிரஷன் எப்படி மேடம் கண்டுபுடிப்பீங்க, மீசைய வச்சா?" அவங்க சிரிச்ச சிரிப்புல பக்கத்து ரூம்ல ஒருத்தர் எட்டிப் பாத்தாரு. பெறகு சொன்னாங்க, ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் எல்லா ஜீனும் இருக்கு, ஆனா எல்லாம் பேசாது, எது பேசுது, எம்புட்டுச் சத்தமாப் பேசுது, எது வாய மூடிக்கிட்டுக் கெடக்குது, அதுதான் எக்ஸ்பிரஷன், மூளையோட முன்பக்கத்துல ஒரு துளி எடுத்து அத அளப்போம்னு. பேசுற ஜீனு, கத்துற ஜீனு, ஊமை ஜீனு. நீலமேகத்துக்குச் சிரிப்பு வரல. ஆக அங்கயும் கொரலுதானா? "அப்ப மேடம், அண்ணனுக்கு எது கத்துது?" "உன் அண்ணன எனக்குத் தெரியாதே. இது எலி." "எலிக்கு வர்றதும் அதுதானே?" "எலிக்குச் சிசோஃப்ரினியா வராது நீலமேகம். மாதிரி. அது மாதிரி சில நடத்தை, அவ்வளவுதான். எழுதுறப்ப மாதிரிய மட்டும் விட்டுராத." மாதிரி! அவன் பொறந்ததுலருந்து கேக்குற வார்த்தை. அண்ணன் மாதிரியே மூக்கு, அண்ணன் மாதிரியே நடை, அண்ணன் மாதிரியே ராத்திரி முழிச்சுக் கெடக்கான். முன்னாடி பெருமையாச் சொன்ன அத்தைமாருக இப்ப சொல்ல வந்து பாதியில நிறுத்திக்கிறாளுக, அந்த நிறுத்தறதுதான் தாங்கல. அண்ணனுக்கு ஆரம்பிச்ச வயசு இவனுக்கு இப்ப நடக்குது. ஒரு நாள் டீ குடிக்கிறப்ப கேட்டே கேட்டான், "மேடம், எனக்கு வருமா?" கேட்ட தொனி அப்படி, பழக்கதோசம், பஸ் வருமான்னு கேக்குற மாதிரி வந்துருச்சு. "உனக்கா? உன் வாய்க்குப் பயந்து அது கிட்டயே வராது"ன்னு சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். ஜோக்கடிக்கிறவன் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு விழுந்தாலும் சனங்க கை தட்டும். ரெண்டாந்தடவ, மூஞ்சிய நேரா வச்சுக்கிட்டுக் கேட்டான். மேடம் கொஞ்ச நேரம் டீய ஆத்தினாங்க. "கூடப் பொறந்தவங்களுக்குக் கொஞ்சம் வாய்ப்பு அதிகம். நெறைய பேருக்கு வர்றதே இல்ல. உனக்குன்னு என்னால சொல்ல முடியாது. இன்னும் பார்க்கணும்." இன்னும் பார்க்கணும். எல்லா மீட்டிங்கும் அதுலதான் முடியுது. எம்புட்டு எலிடா செத்திருக்கு, இன்னும் பார்க்கணுமாம்.

பட்டாசு. ட்டிக், பட்டாசு. பட்டாசு. வரிசையே கெடயாது, எது எப்ப வரும்னு தெரியக்கூடாதுன்னே கலச்சுப் போட்டிருக்கு. இன்னும் பாதிகூட ஓடல. இப்ப கார்மேகம் எங்க இருப்பான்? கட்டில்ல உக்காந்து சொவத்தப் பாத்துட்டிருப்பான், வேற எங்க? வர்றேன்னா போனை வைக்கிறேன். இல்ல, இல்ல, ஒழுங்கா யோசி. அவனுக்கு நீலமேகம் கொரல்ல ஏதோ கேட்டிருக்கு. சந்தேகம் வந்திருக்கு, அதனாலதான் போன் பண்ணிக் கேட்டிருக்கான். சந்தேகப்பட்டதே பெரிய விஷயம், முன்னாடியெல்லாம் கேக்கவே மாட்டான். மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம். அந்த நேரத்துல தம்பிங்கிறவன் என்ன பண்ணணும், கையக் குடுத்துத் தூக்கணும், இந்தத் தம்பி ஆமான்னு ஒரு தள்ளு தள்ளி விட்டிருக்கான். இனிமே அந்தக் கொரலு என்ன சொன்னாலும் தம்பி சொன்னது. எங்கருந்து கூப்டுதோ அங்க வர்றேங்கிறான். எங்கருந்து கூப்டுது? மொட்டமாடியிலருந்தா? பழங்காநத்தத்துல வீட்டுக்குப் பின்னாடி நடந்தா ரயில் ரோடு, அங்குட்டு இருந்தா? அம்மா பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கப் போயிருப்பா, மத்தியானம்தான் எட்டிப் பாப்பா. நீலமேகம் எந்திரிச்சான். எந்திரிச்சுக் கதவுத் தாழ்ப்பாள்ல கை வச்சான். தட்டு வெளிய மூணடி தூரத்துல இருக்கு, போன் அதுல இருக்கு, தொறந்தா லைட்டு அடிக்கும், சத்தம் போகும், எலி அவுட்டு. மேடம் வேற ஆளு பாத்துக்குவாங்க. பாத்துக்கட்டுமே, ஒரு எலி பெருசா அண்ணன் பெருசா? அண்ணன் பெருசுதான், ஆனா அண்ணன் கட்டில்ல உக்காந்திருந்தா? நீ கதவத் தொறந்து போனைப் போட்டு, "எங்கண்ணே இருக்க"ன்னு கேட்டு, அவன் "கட்டில்ல"ன்னா? பொட்டிக்குள்ள இருக்குற எலிக்கு இருக்குறது இந்த ஒரு நாளு, இந்த ஒரு துள்ளு. இந்தா, ரெண்டு பச்சைக் கோடு, நீ என்னடா சொல்ற? எலி ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா முதல்ல ஓடியிருப்பான். தாழ்ப்பாள்ல கை வச்சபடியே நின்னான், நிக்கிறது உள்ளயும் இல்ல வெளியவும் இல்ல, பின்னாடி பட்டாசு வெடிக்க வெடிக்க முதுகு மட்டும் துள்ளிக்கிட்டு இருந்துச்சு. தன்மேலயே எரிச்சல், பொட்டிமேல எரிச்சல், எதுவும் முன்கூட்டித் தெரியாத அந்தச் சனியன் எலிமேல, முன்கூட்டித் தெரிஞ்சும் கூப்ட்டேன்னு சொன்ன நாக்குமேல. மண்டைக்குள்ள பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் எறங்கிப் போயிட்டாங்க. ஒரே ஒருத்தன் மட்டும் நின்னு திரும்பத் திரும்ப, கார்மேகம் கொரல்ல, அதே தட்டையா, "சரி, வர்றேன். சரி, வர்றேன்"னுட்டிருந்தான். அது அவன் போட்ட கொரலுதானான்னு நீலமேகம் ஒரு தடவ நிறுத்திப் பாத்தான். நிக்கல.

பொட்டி கடைசியா ஒரு தடவ வெடிச்சு ஓஞ்சுது. எலிய எடுத்துக் கூண்டுல விட்டான், அது அவன் கையுறைமேலயே ஒண்ணுக்குப் போச்சு. போன்ல அம்மா கூப்ட்டது ரெண்டு கெடந்துச்சு. திருப்பிக் கூப்ட்டா, எடுத்த எடுப்புலயே அம்மா, "எடேய், வீடு தொறந்து கெடக்குடா, அண்ணனக் காணோம்டா, ஒங்கிட்ட ஏதாச்சும் சொன்னானா?" "வர்றேன்னு சொன்னான்மா." "எங்கடா?" அவன் போனைக் கட் பண்ணினான். மாடிப்படிய ரெண்டு ரெண்டாத் தாண்டி, கையுறையக்கூடக் கழட்டாம, கேட்டுக்குப் போற புங்கமரப் பாதையில ஓடினான். ரயில் ரோடு, மொட்டமாடி, மொதல்ல எது, போலீஸுக்கா ஆட்டோவுக்கா. அப்பதான் கேட்டுச்சு. "நீலா." முதுகுப் பக்கம், தெளிவா, அண்ணன் கொரலு. அவன் நின்னான். திரும்பல. இம்புட்டு நேரமும் மண்டைக்குள்ள ஓடின அதே கொரலு இப்ப வெளியருந்து வருது. வெளியருந்துதான் வருதா? ஆரம்பிச்சிருச்சா? இப்படித்தான் ஆரம்பிக்குமா, பட்டப்பகல்ல, புங்கமரத்துக்குக் கீழ, பேரச் சொல்லி? திரும்பிப் பாத்து அங்க யாரும் இல்லன்னா? கேட்டுல செக்யூரிட்டி சோலையண்ணன் நாற்காலியில உக்காந்து நெலக்கடலை தின்னுட்டிருந்தாரு. "அண்ணே, இப்ப யாராச்சும் என்னையக் கூப்ட்டாங்களா?" சோலை இவன் மூஞ்சியவும் கையுறையவும் பாத்தாரு. இன்னைக்கு என்ன வேசம்னு பாக்குற பார்வை. "ஆமாடா, நான்தான் கூப்ட்டேன்"னாரு. "தொண்ட கிழியக் கூப்ட்டேன், நீதான் வரல." சொல்லிட்டுத் தன் ஜோக்குக்குத் தானே சிரிச்சாரு. "அண்ணே, வெளாடாதீங்கண்ணே. நெசமாக் கேக்குறேன். கூப்ட்டாங்களா இல்லையா?" அவன் கொரலு உடஞ்சதுல அவரு கடலையக் கீழ வச்சுட்டாரு. "ஏ, என்னப்பா... கூப்ட்டாரு, அந்தா, ஜெனரேட்டர் ஷெட்டு பக்கம் உக்காந்திருக்காருல்ல. ஒன்னையப் பாக்க வந்திருக்காராம். உள்ள வேலையா இருப்ப, உக்காருங்கன்னு நான்தான் சொன்னேன்."

ஷெட்டு நெழல்ல சிமெண்டுக் கட்டையில கார்மேகம் உக்காந்திருந்தான். சட்டையில பொத்தான் ஒண்ணு தள்ளி மாட்டியிருந்துச்சு, ஒரு கால்ல அவன் செருப்பு, ஒரு கால்ல அம்மா செருப்பு. மூஞ்சி அதே தொடச்ச தட்டு. ஆனா பஸ் டிக்கெட்டச் சுருட்டிச் சுருட்டி ஊசி மாதிரி ஆக்கி ரெண்டு விரலுக்கு நடுவுல நெரிச்சுக்கிட்டு இருந்தான், எல்லா எக்ஸ்பிரஷனும் அதுலதான் இருந்துச்சு. நீலமேகம் அம்மாவுக்குப் போன் போட்டு "இங்கதான் இருக்கான்மா"ன்னு மட்டும் சொல்லி வச்சுட்டுக் கிட்டப் போனான். டாக்டர் வாக்கியம் ஒண்ணும் ஞாபகத்துல வரல. "அண்ணே, நான் கூப்பிடல. சும்மா சொன்னேன்." "தெரியும்." "என்ன தெரியும்?" "அது பேரு சொல்லிக் கூப்ட்டுச்சு. கார்மேகம், கார்மேகம்னு, ஒன் கொரல்ல. நீ என்னைக்குடா என் பேரச் சொல்லியிருக்க, அண்ணேன்னுதானே சொல்லுவ. பஸ்ல ஏறி காளவாசல் தாண்டுறப்பவே புரிஞ்சு போச்சு." "பெறகு எறங்கித் திரும்ப வேண்டியதுதானே?" கார்மேகம் டிக்கெட்டப் பாத்தான். "கூப்ட்டது நீ இல்ல. ஆமான்னு சொன்னது நீதானே." அப்ப மாடி சன்னல்லருந்து, "நீலமேகம்! அடுத்த எலி எங்க?"ன்னு சத்தம் வந்துச்சு. கார்மேகத்துக்குத் தோள் ரெண்டும் எகிறி எறங்குச்சு. மெதுவா, தம்பி மூஞ்சியவே பாத்துக்கிட்டு, சின்னப்புள்ள இருட்டுல கேக்குற மாதிரிக் கேட்டான். "மேல ஒரு பொம்பளை கொரலு. ஒன் பேரச் சொல்லுது." "ஆமாண்ணே." "ஒனக்குக் கேக்குதா?" நீலமேகம் கையுறையக் கழட்டிப் பையில திணிச்சான். "எனக்கும் கேக்குதுண்ணே." "நெசமா?" "நெசமா." மேல திரும்பி, "வர்றேன் மேடம்"னு கத்திட்டு, அண்ணன் பக்கத்துல கட்டையில உக்காந்தான்.